அவளுக்கு மட்டும் அவ்வளவு நேரம்

எங்க டாக்டர் ரூம்ல நாற்காலி சூடானதா சரித்திரமே இல்ல. உக்கார்றதுக்குள்ள "சொல்லுங்க"ம்பாரு. சொல்ல ஆரம்பிச்சா அவர் டைப் அடிக்க ஆரம்பிச்சிடுவாரு. கண்ணு கம்ப்யூட்டர்ல, விரல் கீபோர்டுல, காது மட்டும் நம்ம பக்கம், அதுவும் பாதிதான். நான் பாதி சொல்லும்போதே பிரிண்டர்லேர்ந்து மருந்துச் சீட்டு வந்து விழும். "போகும்போது அடுத்தவங்களை வரச் சொல்லுங்க"ம்பாரு. நான் என்ன, வைத்தியத்துக்கு வந்தவளா, அவர்கிட்ட வேலை பாக்கறவளா?

எனக்கு வலது கை மரத்துப்போகுது. கட்டை விரலும் அதுக்குப் பக்கத்து ரெண்டு விரலும். முதல்ல காலைல எந்திரிக்கும்போது மட்டும் இருந்தது, இப்ப தையல் மெஷின்ல உக்காந்தாலே வந்துடுது. நான் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கறவ. கத்திரிக்கோல் கையில இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. கை போச்சுன்னா என் பொழப்பே போச்சு. இதைச் சொல்லத்தான் திரும்பத் திரும்பப் போறேன். "வயசாகுதுல்ல" அப்படின்னு சொல்லி அதே சத்து மாத்திரையை எழுதி அனுப்பிடறாரு.

எல்லாருக்கும் இப்படித்தான்னா நானும் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். என் ஓரகத்திக்கு மட்டும் அப்படி இல்லையே.

அவ மாடியில இருக்கா, நாங்க கீழ. என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். அண்ணனுக்குக் கப்பல்ல வேலை, வருஷத்துல பாதி கடல்லதான். இவ ஒரு பள்ளிக்கூட நூலகத்துல உக்காந்திருக்கா. குரல் உயராது, முகம் சுளிக்காது. எங்க போனாலும் அவளுக்கு ஒரு நாற்காலி கிடைக்கும், எனக்கு ஒரு வேலை கிடைக்கும். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இதான் கதை.

கொஞ்ச நாளா அவ அடிக்கடி டாக்டர்கிட்ட போறா. ஏன்னு கேட்டா "சும்மா, அலுப்பா இருக்கு"ன்னு சொல்லி நழுவிடுவா. ஒரு நாள் நான் வெளிய காத்திருக்கும்போது அவ உள்ள போனா. கதவு மூடிச்சு. மூடினது மூடினதுதான். எனக்கு எதிர்ல இருந்த குழந்தை அழுது, தூங்கி, முழிச்சு, மறுபடி அழுதாச்சு. அதுக்கப்புறம்தான் அவ வந்தா. டாக்டர் எந்திரிச்சு வந்து கதவைத் திறந்துவிட்டாரு. என்னைக் கண்டா தலையைக்கூடத் தூக்காத மனுஷன். எனக்கு வயிறு எரிஞ்சுது பாருங்க, அன்னைக்குச் சோறு இறங்கல.

"உங்க அண்ணிக்கு மட்டும் எப்படிங்க அவ்வளவு நேரம்?"னு என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன்.

"அவங்க பொறுமையா பேசுவாங்க. நீ சண்டைக்குப் போற மாதிரி பேசுவே."

இவருக்கும் அவதான் உசத்தி. இனிமே இவர் சட்டைக்குப் பட்டன் போனா அண்ணிகிட்டயே போய்க் கேட்டுக்கட்டும்னு விட்டுட்டேன்.

அடுத்த தடவை அவ போற காலைலயே நானும் ஒரு நேரம் வாங்கினேன். அவளுக்கு அப்புறம்தான் எனக்கு. வேணும்னே முன்னாடி போய்க் கதவுக்கு நேரா உக்காந்துக்கிட்டேன். அப்படி என்னதான் நடக்குதுன்னு பாத்துடலாம்னு. அவ வரக் காணோம். வரவேற்பு மேஜையில இருக்கற பொண்ணு போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, "டிரைவர் வீடு, உள்ள போங்க"ன்னா. அந்த கிளினிக்ல பழைய ஆட்களை வீட்டை வெச்சுத்தான் கூப்பிடுவாங்க. எங்க மாமனார் பஸ் ஓட்டினவரு. அவர் போய்ச் சேர்ந்தும் நாங்க டிரைவர் வீடுதான்.

அது அவளோட நேரம்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் எந்திரிச்சேன். அவ லேட்டா வந்தா அது என் தப்பா? ஒரு நாளாவது அந்த நாற்காலியில நானும் நிம்மதியா உக்காந்து பாக்கறேனேன்னு உள்ள போய்க் கதவைச் சாத்தினேன்.

டாக்டர் வழக்கம்போல நிமிரல. முந்தின ஆளுக்கு ஏதோ அடிச்சுக்கிட்டிருந்தாரு. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம், விரல்லேர்ந்தா, கத்திரிக்கோல்லேர்ந்தான்னு நான் யோசிக்கறதுக்குள்ள அவரே பேசினாரு. அந்தக் குரல் அவர்கிட்ட இருக்குன்னே எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

"உக்காருங்கம்மா. ஆபரேஷனுக்கு ஒரு நாள் சொல்லிட்டீங்கன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே பேசிடுவேன். இதுக்கு மேல தள்ளிப்போட வேண்டாம். மார்புல இருக்கற கட்டி நம்ம தைரியத்துக்காகக் காத்திருக்காது."

நான் நாற்காலி நுனியில உக்காந்தேன்.

"வீட்ல இன்னும் சொல்லலைதானே? கப்பல்ல இருக்கறவரை விடுங்க. கீழ ஒருத்தங்க இருக்காங்களே, அவங்ககிட்ட சொல்லுங்கன்னு எத்தனை தடவை சொல்றேன். கேட்டா, அவளுக்கே கை சரியில்ல, துணியை வாயால பிடிச்சு இழுக்கறா, இதையும் அவ தலையில ஏத்த மாட்டேன்னு அழறீங்க. அழுது என்ன ஆகப்போகுது?"

துணியை வாயால இழுக்கறது என் வீட்டுக்காரருக்கே தெரியாது. நான் யாருக்கும் காட்டினதில்ல. மாடிப்படி இறங்கும்போது என் ஜன்னல் வழியா பாத்திருப்பா போல. பாத்துட்டு ஒரு வார்த்தை கேக்காம போயிருக்கா.

அப்பவாவது என் பொறாமை செத்திருக்கணும்ல? சாகல. இடம் மாறிச்சு, அவ்வளவுதான். ஒரே வாசல்ல ஏறி இறங்கறோம், ஒரே கொடியில துணி காயப்போடறோம். என்கிட்ட அலுப்புன்னு சொல்லிட்டு, ஆளையே நிமிந்து பாக்காத இந்த மனுஷன்கிட்ட போய் அழுதிருக்கா. அவர் மேல எனக்கு அப்படிப் பத்திக்கிட்டு வந்தது.

"டாக்டர், நான் கீழ் வீட்டுக்காரி" அப்படின்னேன்.

அப்பத்தான் நிமிந்தாரு. என் முகத்தை அவர் முழுசா பாத்தது அன்னைக்குத்தான்னு நினைக்கறேன். கண்ணாடியைக் கழட்டினாரு, மாட்டினாரு. "மன்னிச்சிடுங்கம்மா. நான் பாத்திருக்கணும்"னாரு.

"பாத்திருக்கணும்தான். என் கையையும் சேத்து."

கையை நீட்டச் சொன்னாரு. மணிக்கட்டுல தட்டினாரு, ஒவ்வொரு விரலா பேனா முனையால தொட்டு, தெரியுதா தெரியுதான்னு கேட்டாரு. மணிக்கட்டுல நரம்பு நெருக்கப்படுது, பட்டை போடணும், ஒரு டெஸ்ட் எடுக்கணும், சரி பண்ணிடலாம்னாரு. "இதை முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா?"ன்னாரு. நான் அவரைப் பாத்த பார்வையில அவரே தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நிதானமா, பொறுமையா, நான் ஏங்கின அத்தனை நேரமும் எனக்குக் கிடைச்சுது. ஒரு நிமிஷம்கூட இனிக்கல.

"நான் சொன்னதா அவங்ககிட்ட..." அப்படின்னு இழுத்தாரு.

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவ வாயாலதான் கேப்பேன்."

கதவைத் திறந்தா எதிர்லயே அவ நிக்கறா. பஸ் லேட்டாம், வேர்த்து விறுவிறுத்து வந்திருக்கா. தன் நேரத்துல பூந்துட்டேன்னு ஒரு வார்த்தை கேப்பான்னு நெஞ்சை நிமித்திக்கிட்டேன். அவ என்னைப் பாத்தா, என் பின்னாடி நிக்கற டாக்டரைப் பாத்தா. முகத்துல ரத்தமே இல்ல.

"இவ்வளவு நேரமா உள்ள இருந்தே?"ன்னா. "எதுக்கு உன்னை இவ்வளவு நேரம் வெச்சிருந்தாரு? என்ன சொன்னாரு? மறைக்காம சொல்லிடு."

நான் பொறாமைப்பட்ட நேரம் எதுக்குக் கொடுக்கற நேரம்னு அவளுக்குத்தான் தெரியும். எனக்கும் அதே வந்துடுச்சுன்னு நினைச்சுட்டா.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. கைதான். நரம்பாம், சரியாயிடுமாம்."

"என் மேல சத்தியமா?"

"சத்தியமா."

அப்பத்தான் மூச்சு விட்டா. அவ என் வலது கையைப் பிடிச்சுக்கிட்டிருக்கறதை நான் குனிஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். விரல் முட்டி வெளுக்கற அளவுக்கு இறுக்கிப் பிடிச்சிருக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியல.

"டிரைவர் வீடு இப்பத்தானே போனாங்க?"ன்னு மேஜைப் பொண்ணு கேட்டா.

"இன்னும் முடியல"ன்னேன் நான். டாக்டர் வழி விட்டு நின்னாரு.

"நீ எதுக்கு? நீ வீட்டுக்குப் போ, நான் சும்மா அலுப்புக்கு..." அப்படின்னு அவ ஆரம்பிச்சா.

"ஓரமா உக்காந்துக்கறேன். குறுக்க பேச மாட்டேன்."

அவ என்னையே பாத்தா. கண்ணு நிறைஞ்சுது. அவ பிடிச்சிருந்த வலது கையை மெதுவா உருவிக்கிட்டு, இடது கையைக் கொடுத்தேன். அவ பிடிச்சா. இந்தக் கையில நல்லாவே வலிச்சுது. அப்படியே ரெண்டு பேரும் உள்ள போனோம்.