பவர் கொடுத்தவர் இருக்காரா?

பதிவு அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் வாங்க வந்தவர் யார், விற்க வந்தவர் யார் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வாங்க வந்தவர் புதுச்சட்டை போட்டிருப்பார். விற்க வந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்று பிரேக் அக்கா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பாதி ஊரின் உயிரைக் காப்பாற்றியவள் என்பதால் அந்தப் பெயர். அவள் விற்க வந்தது அப்பாவின் வீட்டை. அப்பா ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நேரில் வர முடியாதவர், தனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட மகளுக்கு பவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

வாங்குகிறவர் அந்நியர் இல்லை. அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பல வருஷமாக வாடகைக்கு இருந்து ரொட்டி சுட்டு விற்கும் பேக்கரிக்காரர். கூடவே அவர் மனைவி. அப்பாவுக்கு அவர் 'மாவு'. அவருக்கு அப்பா 'முதலாளி'. காலையில் தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டை, சாயங்காலம் ஒரே தட்டில் ரஸ்க். "வித்தா உனக்குத்தான்டா மாவு" என்று அப்பா வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் அதை ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதி வைக்கவில்லை. பத்திரம் வேண்டாம், வாய்ச்சொல் போதும் என்று நம்புகிற இரண்டு நல்லவர்கள் சேர்ந்தால் ஒரு வக்கீலுக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அண்ணன் கையெழுத்து வேணுமா மேடம்?" என்று வக்கீலம்மாவிடம் பிரேக் அக்கா கேட்டிருந்தாள். தூர தேசத்தில் இருக்கும் அண்ணனுக்கு வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட வேண்டும். அதில் அவன் உடும்புப்பிடி.

"வேண்டாம். அப்பா சொந்தமா சம்பாதிச்சுக் கட்டினது. அவர் உயிரோட இருக்கிற வரைக்கும் யாருக்கு விக்கிறதும் அவர் இஷ்டம்."

"அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"அவர் மூச்சு நிக்கிற நிமிஷம் உன் பவரும் நின்னுடும். அப்புறம் நீ போடுற கையெழுத்து வெறும் கிறுக்கல். வீடு வாரிசுங்க கைக்குப் போயிடும். அண்ணன் தலையாட்டாம ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது. இத்தனை வருஷம் எல்லாரும் என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

அண்ணன் தலையாட்ட மாட்டான். பேக்கரிக்காரரின் அடுப்போ பின்சுவரோடு சேர்த்துக் கட்டியது. வீடு கைமாறாவிட்டால் அடுப்பும் இல்லை, அவர் பிழைப்பும் இல்லை. அதனால்தான் அலுவலகம் திறக்கும் முன்பே மூன்று பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்கள் முறை வரப்போகும் நேரத்தில் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையாக இருந்த அத்தை.

"கண்ணு, கேட்டுக்கோ, முகத்தைக் காட்டிடாதே. உங்கப்பா போயிட்டாரு."

பிரேக் அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

"டாக்டர் வந்து பார்த்துட்டாங்க. நான் கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கேன். நானும் அழலை, நீயும் அழாதே. கையெழுத்தைப் போட்டுட்டு வா. அதுவரைக்கும் வெளியில யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மாவுக்குக் கொடுத்த வாக்கு அது. நேத்து ராத்திரிகூட அதையேதான் கேட்டாரு."

அத்தை அடக்கிக்கொண்ட அழுகை போனில் மூச்சாகக் கேட்டது. கூடப் பிறந்தவன் பக்கத்தில் கிடக்கும்போது, ஒரு பத்திரத்துக்காக வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் அந்த மனுஷி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையைக் கதையாகத்தான் கேட்டிருந்தாள் பிரேக் அக்கா. இன்று கண்ணெதிரே உடைந்தது.

பெஞ்சுக்குத் திரும்பியதும் பேக்கரிக்காரர் கேட்டார். "அத்தையா? எப்படி இருக்காராம்?"

"தூங்குறாராம்ணே."

"தூங்கட்டும், தூங்கட்டும். முடிஞ்சதும் நேரா அங்கதான். இனிமே நான்தான் முதலாளி, மோட்டாரை நான் சொல்றப்பதான் போடணும்னு சொல்லி எழுப்புறேன் பாரு." மடியில் வைத்திருந்த ரஸ்க் பொட்டலத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தாளோ, அவளுக்கே தெரியாது.

பெயர் கூப்பிட்டார்கள். ஜலதோஷம் பிடித்த பதிவாளர், கைக்குட்டையும் கையுமாகப் பக்கங்களைப் புரட்டினார். பேக்கரிக்காரரை முதலில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். அவர் குழந்தை மாதிரி கட்டைவிரலை நீட்டினார். மனைவி கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டாள்.

பதிவாளர் நிமிர்ந்து பார்க்காமலே பிரேக் அக்காவிடம் கேட்டார். "பவர் கொடுத்தவர் உயிரோட இருக்காரா?"

சாப்பிட்டாச்சா என்பதுபோல, வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. இருக்கார் என்று ஒரு சொல். வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டு வந்த சொல். அது நாக்கு வரை வந்தது.

இருக்கார் என்று இன்று அவள் சொன்னாலும், இறப்புச் சான்றிதழ் நாளைக்கு இல்லை என்று சொல்லும். அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவான். மாவு ஆயுசெல்லாம் படியேறி இறங்குவார். இப்படியெல்லாம் நியாயம் சொல்லலாம். ஆனால் அவை எல்லாம் அவள் பிறகு யோசித்துக் கண்டுபிடித்த நியாயங்கள். அந்த நேரத்தில் அவளுக்கு முடியவில்லை, அவ்வளவுதான். போனவரை இருக்கிறார் என்று எழுப்பி உட்கார வைத்துவிட்டு, வெளியே வந்து மறுபடியும் ஒருமுறை சாகக் கொடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

"இல்லை" என்றாள்.

பதிவாளர் நிமிர்ந்தார்.

"அப்பா இல்லை. இப்பதான் போன் வந்துச்சு."

பதிவாளர் பேனாவை மூடினார். "அப்ப இதைப் பதிய முடியாதும்மா" என்றார். குரலில் அதட்டல் இல்லை. "கிளம்புங்க. முதல்ல போய் அவரைப் பாருங்க."

வராந்தாவுக்கு வந்ததும் பேக்கரிக்காரரின் மனைவி அவள் கையைப் பிடித்தாள். "ஒரே ஒரு சொல்லு. அதை வெளியில வந்து சொல்லியிருக்கக் கூடாதா? நாங்க எங்கம்மா போவோம்?" என்றவள், தான் பேசியது தன் காதிலேயே விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. பிரேக் அக்காவுக்கும் கோபம் வரவில்லை.

பேக்கரிக்காரர் மை பட்ட விரலைப் புதுச்சட்டையிலேயே துடைத்தார். பிறகு, "தூங்குறாருன்னு சொன்னியே தங்கச்சி" என்றார்.

"மன்னிச்சிடுங்கண்ணே."

"அப்பவே சொல்லியிருந்தா, அப்பவே போயிருக்கலாமே. இத்தனை நேரம் தனியா கிடந்திருக்காரே மனுஷன்."

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு உடைந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கையில் போன் மறுபடி அடித்தது. அத்தை. எடுத்தாள், பேச வாய் வரவில்லை.

"கண்ணு? போட்டாச்சா? நர்ஸு கதவைத் தட்டுறாங்க. இன்னும் எவ்வளவு நேரம்மா நான் இப்படியே இருக்கிறது?"

அந்தக் குரல் காதில் விழுந்த பேக்கரிக்காரர் அவள் கையிலிருந்து போனை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா, நான் மாவு பேசுறேன். ஆச்சுக்கா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. அவர்கிட்ட சொல்லிடுங்க." கையிலிருந்த ரஸ்க் பொட்டலத்தைப் பார்த்தார். "இனிமே நீங்க அழுங்கக்கா."

அத்தையின் அழுகை, பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, அந்தப் போனுக்கு வெளியே கேட்டது.