கண்ணாயி சொன்ன காரணம்

"அக்கா, எங்க கூரையைப் பிரிச்சு மேயறோம். இந்த விதைப் பானை உங்க ஊட்டுப் பரண்ல ஒரு மாசம் இருக்கட்டுங்களா?" என்று கண்ணாயி கேட்டாள்.

"இதுக்கெல்லாமா கேப்ப? கொண்டா கண்ணு" என்றேன்.

அடுப்புக்கு மேலே பரணில் புகை படப் படத்தான் ராகி விதையில் வண்டு விழாது. அடுத்தவள் பொருளாச்சே என்று, நன்றாகப் புகை படுகிற நடு இடத்தில் அவள் பானையை வைத்தேன். என் பானையை ஓரத்துக்குத் தள்ளினேன்.

அந்த மாசம் பார்த்து என் மருமகளுக்குப் பிரசவம் ஆனது. வெந்நீருக்கும் பத்தியக் கஞ்சிக்கும் ஒன்பது நாள் அடுப்பு அணையவே இல்லை. பத்தாம் நாள் கண்ணாயியின் பானையைத் தொட்டேன், கை சுட்டது. பயந்துபோய் ஒரு பிடி விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். நாலு நாளாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை.

அவள் வந்து கேட்டபோது முளைக்காததை மறைத்துவிட்டேன். பானையைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அது உலகச் சண்டை நடந்த காலம். மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டிச் சந்தையிலேயே தானியம் இல்லை. விதையைக் கெடுத்தவள் என்று ஊர் என்னை ஒதுக்கி வைத்துவிடும் என்று பயம்.

மழை பெய்தது. பக்கத்துப் பக்கத்துக் காட்டில் விதைத்தோம். என் காடு பச்சை கட்டியது. அவள் காடு வெறும் மண்.

அவள் புருசன் செங்கோடன் வரப்பில் நின்று கத்தினான். "உன் கைராசி அப்படி! எங்கம்மா விதைச்ச வரைக்கும் ஒரு வருசம் பொய்ச்சிருக்குமா?"

கண்ணாயி பதிலுக்குப் பதில் பேசுகிறவள். அன்றைக்கு, "இனிமே நான் விதையைத் தொடலீங்க" என்றாள், அவ்வளவுதான்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அவன் போனதும் வரப்பைத் தாண்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத்துணியையும் மறைக்கவில்லை.

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"தெரிஞ்சேதான்."

"பேரன் பொறந்த ஊட்டுல பொய்யும் கூடவே பொறந்துச்சாக்கும்! முளை வரலையேன்னு பத்து நாளா என் கையை நானே பாத்துப் பாத்து அழுவறேன். நீங்க அந்தப் பக்கம் களை எடுத்துக்கிட்டு இருந்தீங்க."

"ஊரைக் கூட்டிச் சொல்லிடு கண்ணு. என் காட்டுல நெருக்கமாத்தான் முளைச்சிருக்கு. பாதி நாத்து உனக்கு. நானே நட்டும் தாரேன்."

அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கூடையோடு வந்தாள். உட்கார்ந்து நாற்றுப் பிடுங்கினாள். நானும் பிடுங்கினேன். பின்னாலேயே செங்கோடன் வந்தான்.

"ஏனுங்க அத்தாயக்கா, இதென்னங்க கூத்து? உங்க நாத்தை இவ எதுக்குப் பிடுங்கறா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாயி முந்திக்கொண்டாள்.

"விதை அடுப்புச் சூட்டுல செத்துப்போச்சுங்க. பச்சை உடம்புக்காரி இருக்கிற ஊட்டுல அடுப்பு எரியாம இருக்குமா? அக்காவே வந்து சொல்லி நாத்தும் குடுக்கறாங்க. என் கைராசின்னு கத்துனீங்களே, அதுக்குப் பதில் சொல்லுங்க முதல்ல!"

செங்கோடன் தலையைச் சொறிந்தான். "சரி சரி, ஈரம் காயறதுக்குள்ள நடோணும்" என்று மண்வெட்டி எடுக்கப் போனான்.

"முழுசையும் நீ சொல்லலையே கண்ணு" என்றேன்.

"கோவம் எனக்கு இன்னும் போகலீங்க அக்கா. அது போறப்பப் போகட்டும். ஊரு உங்களை ஒதுக்கிட்டா, பேரனுக்குப் பேர் வெக்க நான் எப்படி உங்க ஊட்டுக்கு வாரது? பிடுங்குங்க, நாத்து வாடுது."