ஏறும் நேரம்

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். அவளோ வாசலில் நின்ற வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் கதவருகே, உள்பக்கம் ஒரு சிலேட்டு தொங்கியது. யாரும் பார்ப்பதற்குள் அதைத் துடைத்தாக வேண்டும்.

பின்னால் நடுக்கூடத்தில் அவள் கணவன் கிடந்தான். பாறை கிழித்த நெற்றியில் வெள்ளைத் துணி. கடற்கரை நெடுக அவனுக்கு 'ஹாரன்' என்றுதான் பெயர். காலையில் வேனில் சுற்றுலா ஆட்களை ஏற்றிக்கொண்டு மீன் இறங்குதுறை, கலங்கரை விளக்கம், சிப்பிக்கடைகள், குகைக்கரை என்று சுற்றிக்காட்டி, பொழுது சாய்வதற்குள் திரும்புவான். ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை ஹாரன் அடிப்பான். "தூங்குற மீன்கூட எந்திரிச்சு வந்து வண்டியில ஏறிடும்" என்பார்கள் வலை பின்னுகிறவர்கள்.

குகைக்கரைக்குப் பாறையைச் சுற்றித்தான் போகவேண்டும். கடல் ஏறிவிட்டால் வழி அடைபடும். அந்த நேரத்தை, கடல் ஏறி இறங்கும் பட்டியலைப் பார்த்து தினமும் சிலேட்டில் எழுதுவது அவள் வேலை. 'கடல் ஏறும் நேரம்' என்று நாலு வருஷமாகப் பிசகாமல் எழுதினாள். நேற்று அடுப்பில் பால் பொங்கியது, வாசலில் அவன் ஹாரன் அடித்தான், அவசரத்தில் 'ஏறும் நேரம் – 4' என்று மட்டும் எழுதி நீட்டிவிட்டாள். அவர்கள் வீட்டில் ஏறுவதென்றால் கடல்தானே ஏறும்?

சாயங்காலம் ஃபோன் வந்தபோதுதான், வேனிலும் ஆட்கள் ஏறுவார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. இரண்டு பேர் குகைக்கரையிலேயே தங்கிவிட்டார்கள். கூட்டிவரப் போனவன் அவர்களைப் பாறைமேல் ஏற்றிவிட்டு, தான் ஏறவில்லை.

அந்த இரண்டு பேரும் இப்போது வாசலில் வந்து நின்றார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள். பெண்ணின் முழங்கையில் கட்டு. நாத்தனார் எழுந்து நின்றாள். அவனைத் தூக்கி வளர்த்த அக்கா.

"வாங்க. எந்தம்பியக் கொன்னுட்டு, பாத்துட்டுப் போக வந்தீங்களா?"

"அக்கா, சும்மா இரு" என்றான் கொழுந்தன்.

"எதுக்குடா சும்மா இருக்கணும்? மூணு மணிக்கே வந்துரணும்னு சொல்லித்தானே எறக்கி விட்டிருப்பான்?"

"காத்துல அவர் சொன்னது கேக்கலைங்க" என்றது அந்தப் பெண். "சிலேட்டுல ஏறும் நேரம் நாலுன்னு இருந்துச்சு. நாலு மணிக்கு வண்டி ஏறணும்னு நெனச்சோம்."

"பொய்! அத எழுதறது எந்தம்பி பொண்டாட்டி. கடல் ஏறும் நேரம்னு கொட்டை எழுத்துல இருக்கும். டேய், போய் எடுத்துட்டு வாடா!"

கொழுந்தன் செருப்பை மாட்டினான். அவள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"நான் எடுத்துட்டு வர்றேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

வாசலிலிருந்து வேனுக்குப் பத்தடிதான். முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். ஒரே இழுப்பு, போதும். கொழுந்தன் பின்னாலேயே வருகிற சத்தம் கேட்டது. படியில் மணல் நறநறத்தது. சிலேட்டைத் திருப்பினாள்.

'கடல் ஏறும் நேரம் – 4.'

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். 'கடல்' இருந்தது. ஓரத்தில் இடமில்லாமல் நெருக்கி எழுதியிருந்தது. 'ல்' மேலே புள்ளிக்குப் பதிலாகச் சின்ன வட்டம். அவன்தான் அப்படிப் போடுவான். "பட்டனா தைக்கிறீங்க?" என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறாள்! ஆட்கள் இறங்கிப் போனபிறகு பார்த்திருக்கிறான். திருத்தியிருக்கிறான். வீடு திரும்பியிருந்தாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டான்.

"என்னண்ணி, இருக்கா?" என்றான் கொழுந்தன், வெளியே நின்றபடி.

இருக்கிறது. இப்படியே கொண்டுபோய்க் காட்டினால் போதும். ஒருவரும் அவளை ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அந்தப் பெண் மட்டும் பொய்க்காரியாகத் திரும்பிப் போவாள்.

விரலில் சுற்றிய முந்தானையைப் பிரித்துவிட்டாள். சிலேட்டைக் கழற்றி, சேலை பட்டுவிடாதபடி இரண்டு கையாலும் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அதை நாத்தனார் முன்னால் நீட்டினாள். "இதுல எது யாரு எழுத்துன்னு பாத்துச் சொல்லுங்க."

"இதிலென்ன பாக்க? கடல்னு இந்தா..." நாத்தனாரின் விரல் முதல் சொல்லுக்குப் போனது. சின்ன வட்டத்துக்கு நேர்மேலே வந்து, எழுத்தில் படாமல், அப்படியே நின்றது.