மர்சலினின் பூரண சுகம் வேண்டி

டிசம்பர் முப்பத்தொன்று. காலை பத்து மணிக்கு மர்சலின் பீரோவைத் திறந்தாள். கதவின் உட்புறத்தில் மூன்று தாள்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. வருஷத்துக்கு ஒன்று. முதல் தாளின் தலையில் 98 என்று இருந்தது. அங்கிருந்து மாதம் ஒரு எண்ணாக இறங்கி, மூன்றாவது தாளின் அடியில் 79 வரை வந்து நின்றது. பக்கத்தில் அடையாறு எலும்பு டாக்டரின் அடுத்த தேதி எழுதிய சீட்டு. அதற்கும் கீழே நான்காவது தாளை ஒட்டினாள்.

முதல் வரி: 72, ஜூனுக்குள். அடுத்தது: ராத்திரி ஏழுக்கு மேல் தண்ணீர் மட்டும். அடுத்தது: ஜெபக் கூட்டத்தில் டீ மட்டும்; பிஸ்கட், கேக், பஜ்ஜி, ‘ஒண்ணே ஒண்ணு’ எதுவும் கிடையாது. கடைசி வரி: மொட்டை மாடிப் படி, தினம் மூன்று தடவை ஏறவும்.

பின்னால் நின்று பிலிப் படித்தான்.

“பிஸ்கட் போன வருஷமும் இருந்துச்சே, மர்ஸி.”

“இருந்துச்சு.”

“அதுக்கு முந்தின வருஷமும்.”

“உங்களுக்கு ஆபீஸ் இல்லையா இன்னைக்கு?”

பிலிப் போய்விட்டான். அவனுக்கு ஒரே பாண்ட் அளவு, இருபது வருஷமாக. அவனிடம் இதைப் பேசிப் பயனில்லை.

ஜூன் என்று எழுதியதற்குக் காரணம் இருந்தது. மர்சலின் ஒரு மெட்ரிக் பள்ளியில் பதினெட்டு வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். பத்தாம் வகுப்பு மூன்றாவது மாடியில். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் முழங்கால் மடங்கி, நாற்பது பிள்ளைகள் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரமே தலைமையாசிரியை சிஸ்டர் அவளைத் தரைத்தளத்துக்கு மாற்றினார். ஒன்றாம் வகுப்பு. இரண்டு ஆப்பிளும் மூன்று ஆப்பிளும் சேர்ந்தால் எத்தனை ஆப்பிள். “படி ஏற முடியட்டும் டீச்சர், உங்க வகுப்பு உங்களுக்குத்தான்” என்றார் சிஸ்டர். இன்னும் ஏழு கிலோ இறங்கினால் ஆபரேஷன் பேச்சே வேண்டாம், படி தாராளமாக ஏறலாம் என்றார் டாக்டர். அடுத்த வருஷம் யாருக்கு எந்த வகுப்பு என்பதை சிஸ்டர் ஜனவரியிலேயே தன் நோட்டில் பென்சிலால் எழுதிவிடுவார். ஏப்ரலில் அதன்மேல் பேனா ஓடும். நடுவில் எதுவும் மாறி யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் புத்தாண்டுப் பூசைக்கு மர்சலின் புதுப் புடவையில் போனாள். ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தாள். மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. பூசை தொடங்குமுன் பங்கு அலுவலக ஃபிரெட்ரிக் ஒலிபெருக்கிக்கு வந்து அன்றைய கருத்துகளை வாசித்தார். யார் யாருக்காக, எதற்காக இந்தப் பூசை என்ற பட்டியல். இறந்தவர்கள் ஏழு பேர். ஒரு திருமண நாள். ஒரு கனடா விசா.

“கடும் நோயால் வாடும் நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியை மர்சலின் பூரண சுகம் பெற வேண்டி, ஷெரில் குடும்பத்தார்.”

முன்வரிசையில் ஐந்தாறு தலைகள் திரும்பின. அதில் ஒன்று தலைமையாசிரியை சிஸ்டருடையது. பக்கத்தில் இருந்த அம்மாள் மர்சலினின் கையைப் பிடித்துக்கொண்டாள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வரை விடவில்லை.

ஷெரில் பிலிப்பின் தங்கை. சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் மர்சலின் செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் போட்டாள்.

“ஷெரில், எனக்கு என்ன நோய்?”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அழுகை.

“அண்ணி, நான் பாத்துட்டேன். கிறிஸ்மஸ் அன்னைக்கு புடவை எடுத்துக்கோன்னு சொன்னீங்க இல்ல? பீரோக் கதவுல எல்லாம் எழுதியிருக்கு. தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தாறு, தொண்ணூத்தஞ்சுன்னு. மாசா மாசம் கரையுறீங்களே அண்ணி. டாக்டர் சீட்டு வேற.”

“அது மூட்டு டாக்டர்.”

“மூட்டுலயா வந்திருக்கு?”

மர்சலின் கண்ணை மூடிக்கொண்டாள். “எனக்கு ஒண்ணும் வரல. நானே குறைக்கிறேன். நடந்து. சோத்தைக் குறைச்சு.”

“சரி அண்ணி.”

“நம்புறியா?”

“நம்புறேன் அண்ணி. எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க, அவங்களும் கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னாங்க. நான் சாயங்காலம் ஆட்டுக்கால் சூப் எடுத்துட்டு வரேன்.”

தொண்ணூற்றெட்டு கிலோவில் இருந்தபோது ஒருவரும் பூசை வைக்கவில்லை. அப்போது மூச்சு வாங்கியது, ராத்திரியில் கால் வீங்கியது, ஆட்டோவில் இரண்டு பேர் இடம் பிடித்தாள். பார்த்தவர்கள் “நல்லா இருக்கீங்க டீச்சர்” என்றார்கள். பத்து கிலோ இறங்கியதும் “சுகரா?” என்று கேட்டார்கள். பதினைந்து இறங்கியதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். இப்போது கேட்பதையும் விட்டுவிட்டுப் பாத்திரத்தோடு வந்தார்கள்.

ஜெபக் கூட்டத்தார் ஆறு பேர் நாட்டுக்கோழிக் குழம்போடு வந்தார்கள். ஒருத்தி ரோஸ் குக்கி ஒரு டின். இன்னொருத்தி பேரீச்சம்பழமும் தேனும். பலவீனத்துக்கு நல்லது என்றாள். ஒவ்வொருவரும் அடுக்ககத்தின் வாசலில் வாட்ச்மேன் தனபாலனிடம் “உடம்பு முடியாத டீச்சர் வீடு எது?” என்று கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறினார்கள். தனபாலன் தன் பங்குக்கு இரண்டு இளநீர் சீவிக் கொண்டுவந்து வைத்தான்.

“இன்னா டீச்சர், சொல்லவே இல்லயே நீங்க. நான் பாட்டுக்கு தெனம் நீங்க மாடி ஏறிக்கினு இறங்கிக்கினு இருக்கறத பாத்து, துணி காய வெக்கறாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லை தனபாலன். எடை குறையத்தான் ஏறுறேன்.”

“அக்காங். அப்பிடித்தான் தெகிரியமா இருக்கணும்.”

நான்காம் தேதி காலை எதிர்வீட்டு நீரஜா வந்தாள். கையில் வெள்ளிக் கிண்ணம். வெண்பொங்கலின் மேல் நெய் ஒரு விரல் உயரத்துக்கு நின்றது.

“மர்சலின், ஒண்ணும் பேசாதீங்கோ. மார்கழி, ஆத்துல பொங்கல் பண்ணேன். நாலு முந்திரி கூடவே போட்டிருக்கேன். நான் நின்னுண்டு பாக்கறேன், நீங்க சாப்பிடுங்கோ.”

“நீரஜா, நான் வெயிட் குறைக்கிறேன்.”

“தெரியும், குறைஞ்சுண்டேதான் வரேள். அதான் சொல்றேன்.”

நின்றுகொண்டே பார்த்தாள். மர்சலின் சாப்பிட்டாள். பொங்கல் நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஐந்தாம் தேதி எடை மெஷின் 80.6 காட்டியது. மர்சலின் இறங்கி, மெஷினை வேறு தரையில் வைத்து, மறுபடி ஏறினாள். 80.6. ஹாலில் பிலிப் கோழிக் குழம்பில் தோசையை முக்கிக்கொண்டிருந்தான்.

“நீங்களாவது யார்கிட்டயாவது சொன்னீங்களா, எனக்கு ஒண்ணும் இல்லன்னு?”

“எல்லார்கிட்டயும் சொன்னேன். என் தோள்ல தட்டிட்டுப் போறாங்க.”

“சொல்றப்ப மூஞ்சிய எப்படி வெச்சிருந்தீங்க?”

“என் மூஞ்சி இதான், மர்ஸி.”

அன்று பகல் அவள் நேராகப் பங்கு அலுவலகத்துக்குப் போனாள். ஃபிரெட்ரிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “வாங்க வாங்க, நீங்க எதுக்கு வெயில்ல அலையுறீங்க?” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மர்சலின் உட்காரவில்லை.

“அந்தக் கருத்து தப்பு. திருத்தி அறிவிக்கணும்.”

“பூசை வெச்சாச்சேம்மா. வெச்ச பூசையத் திருத்த முடியாது. வேணும்னா புதுசா ஒண்ணு வைக்கலாம்.” பெரிய பதிவேட்டைத் திறந்தார். “இறந்தவங்க, நோயாளி, பரீட்சை, விசா, கல்யாணம், குழந்தை வரம், நன்றி. இதுல எது உங்களுது?”

“எதுவும் இல்ல. எனக்கு நோயே இல்லைன்னு வாசிக்கணும்.”

“அப்படி ஒரு கருத்தே கிடையாதே.” யோசித்தார். “சுகம் கிடைச்சதுக்கு நன்றின்னு போட்டுடவா?”

“நோயே இல்லாம எப்படிங்க சுகம் கிடைக்கும்?”

“அதுக்குப் பேர்தான்மா அற்புதம்.”

மர்சலின் அவர் மேஜையிலிருந்த சீட்டை இழுத்துத் தானே எழுதினாள். கரும்பலகையில் எழுதுவதுபோல, எழுத்து எழுத்தாக. *உணவைக் குறைத்து, நடந்து, பத்தொன்பது கிலோ எடை குறைத்ததற்கு நன்றியாக, மர்சலின்.* ஃபிரெட்ரிக் அதை இரண்டு முறை படித்தார்.

“கிலோவெல்லாம் பீடத்துலேர்ந்து வாசிச்சதே இல்லம்மா.”

“இந்த ஞாயித்துக்கிழமை வாசிங்க.”

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். சிஸ்டர் வழக்கமான இடத்தில் இருந்தார். ஃபிரெட்ரிக் பட்டியலை எடுத்தார். இறந்தவர்கள் பன்னிரண்டு பேர். நேரம் போய்க்கொண்டிருந்தது, சாமியார் பூசை உடுப்போடு சக்ரீஸ்து அறை வாசலில் வந்து நின்றுவிட்டார். ஃபிரெட்ரிக் வேகத்தைக் கூட்டி, நீளமானவற்றைத் தன் சொந்த வார்த்தையில் சுருக்கினார்.

“நோயினால் பத்தொன்பது கிலோ எடை இழந்த ஆசிரியை மர்சலின், இறைவன் அருளால் நலம் பெற்றதற்கு நன்றியாக.”

யாரோ பின்னால் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஷெரிலும் வந்திருந்தாள். தலையில் முக்காட்டோடு, கன்னம் நனைய, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். பிலிப் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அவன் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.

திங்கட்கிழமை முதல் மணி அடிக்குமுன் சிஸ்டர் அவளை அறைக்கு அழைத்தார். மேஜையில் அந்த நோட்டும் பென்சிலும் இருந்தன. நோட்டு திறந்திருந்தது.

“ஆண்டவருக்கு நன்றி டீச்சர். நேத்து கேட்டப்ப எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. நம்ம கான்வென்ட்ல தினம் உங்களுக்காக ஜெபம் பண்ணினோம்.”

“சிஸ்டர், எனக்கு நோயே வரலை.”

“அப்படித்தான் நினைக்கணும். வந்ததையே மறந்துடணும்.” சிஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஆனா உடம்பு இன்னும் தேறலையே. கழுத்தெலும்பு தெரியுது பாருங்க. வர்ற ஜூன்லயும் ஒண்ணாம் வகுப்பே இருக்கட்டும். ஒரு அஞ்சாறு கிலோ ஏத்துங்க, பழைய மாதிரி வாங்க. அதுக்கு அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு தரேன்.”

பென்சில் தாளை நோக்கி இறங்கியது.

பழைய மாதிரி. மர்சலின் அந்தப் பென்சிலைப் பார்த்தாள். மூன்று வருஷம், காலை ஐந்தரை மணிக்கு நாகேஸ்வரராவ் பூங்காவில் நடந்தது, கிறிஸ்மஸ் கேக்கை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தது, எல்லாம் அதன் முனையில் இருந்தது.

“எழுதாதீங்க சிஸ்டர்,” என்றாள். வகுப்பில் வரும் குரல் வந்துவிட்டது. சிஸ்டரின் கை நின்றது. “ஒரு நிமிஷம் என் கூட வாங்க. நோட்டையும் எடுத்துக்கோங்க.”

அறுபத்தாறு படிகள். அவளுக்குத் தெரியும். மாடிக்கு இருபத்திரண்டு. முதல் மாடி வரை சிஸ்டர் பக்கத்திலேயே வந்தார். “மெதுவா டீச்சர், மெதுவா, விழுந்துடப் போறீங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சொல்வது நின்றது. மர்சலின் தான் உட்கார்ந்த அந்த இடத்தைத் தாண்டினாள். வலது முழங்கால் ஒரு முறை குத்தியது. கைப்பிடியைத் தொடவில்லை. பத்து-ஏ வாசலில் போய் நின்று திரும்பினாள். மூச்சு வாங்கியது, பேச முடியாத அளவுக்கு இல்லை.

சிஸ்டர் இன்னும் வரவில்லை. கீழே பாதிப் படிகளில் கைப்பிடிக் கம்பி அதிரும் சத்தம் மட்டும் கேட்டது. வகுப்புக்குள்ளிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். “உள்ளே போங்க,” என்றாள் மர்சலின். போனார்கள்.

சிஸ்டர் வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்து, நெற்றியில் முக்காட்டின் ஓரம் ஈரமாகியிருந்தது. ஒரு நிமிஷம் முழுக்க அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மர்சலின் காத்திருந்தாள். அவளுக்கு அவசரமில்லை.

“எவ்வளவுன்னு சொன்னாங்க?”

“பத்தொன்பது. இப்போ பதினேழரை. பூசை வெச்சதுல ஒண்ணரை ஏறிடுச்சு.”

சிஸ்டர் நோட்டை ஜன்னல் திண்டில் வைத்து, ஒரு பெயரை ரப்பரால் அழித்து, மேலே எதையோ எழுதினார். மர்சலின் எட்டிப் பார்த்தாள். பத்து-ஏ, கணக்கு. பக்கத்தில் ம. பிறகு சிஸ்டர் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“நோய் இல்லைங்கறது நிஜம்தானா?”

“நிஜம் சிஸ்டர்.”

“அப்போ காலையில என்னதான் சாப்பிடுறீங்க?”

மர்சலின் சொன்னாள். சிஸ்டர் அதையும் பென்சிலால் அந்த நோட்டின் பின் அட்டையில் எழுதிக்கொண்டார்.

இறங்கும்போது சிஸ்டர் முன்னால் போனார். மர்சலின் பின்னால் வந்தாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து. ஏறும்போது குத்தியது இறங்கும்போது அறுத்தது. நல்லவேளை, சிஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் பிரிட்ஜைத் திறந்தாள். ஷெரில் நேற்று கொண்டுவந்த சூப் இன்னும் அரைப் பாத்திரம் இருந்தது. அதைத் தனபாலனுக்குக் கொடுத்துவிட்டாள். பிறகு பீரோவைத் திறந்து நான்காவது தாளைப் பார்த்தாள். கடைசி வரியில் ‘ஏறவும்’ என்பதற்குப் பக்கத்தில் ‘இறங்கவும்’ என்று சேர்த்தாள். அதற்குக் கீழே ஜனவரி என்று போட்டு, எதிரே 80.6 என்று எழுதினாள். கதவைச் சாத்திப் பூட்டினாள்.

“பீரோவை எதுக்கு மர்ஸி பூட்டுற? என் பனியன் உள்ள இருக்கு,” என்றான் பிலிப்.

“உங்க தங்கச்சி வந்தா புடவை நான் எடுத்துக் கொடுத்துக்கறேன்,” என்றாள். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குக் கிளம்பினாள்.