எள்ளும் குங்குமமும்

மகாளய அமாவாசைக் காலையில் பாலகிருஷ்ணன் செம்பவாங்கில் எம்ஆர்டி ரயில் ஏறி, எஸ்பிளனேட் பூங்காவிலிருக்கும் நேதாஜி படையின் நினைவுக்கல் முன் வந்து நின்றார். சட்டைப்பையில் எள் பொட்டலம் இருந்தது. மனைவி சரஸ்வதி மரநிழலில் ஒதுங்கிக்கொண்டாள்.

அவர் அம்மா வயிற்றில் இருந்தபோதே, அப்பா வீரபத்திரன் கடற்படைத் தளத்து வேலையை உதறிவிட்டு நேதாஜியின் படையோடு பர்மாவுக்குப் போனவர். திரும்பவில்லை. இறந்ததாகத் தகவலும் இல்லை. நேதாஜி சாகவில்லை, எங்கோ மறைந்திருக்கிறார் என்று பலர் நம்பிய காலம். தலைவரே சாகாதபோது கூடப் போனவர் மட்டும் எப்படிச் சாவார் என்று அம்மா கேட்பாள். குங்குமத்தை அழிக்கவில்லை. திதி கொடுக்கவும் விடவில்லை.

அந்தப் படையில் மாண்டவர்களுக்கு எழுப்பிய சின்னத்தை வெள்ளைக்காரன் தகர்த்த பிறகு இங்கே வெறும் புல்தான். அந்தப் புல்லை அம்மா வருடந்தோறும் வந்து பார்ப்பாள். பிற்பாடு இந்தக் கல்லை நட்டபோது, தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

"கல்லு செத்தவங்களுக்குத்தான் வைப்பாங்க. வா, போவோம்."

அதன்பின் வரவே இல்லை. நெற்றி நிறையக் குங்குமத்தோடு சுமங்கலியாகவே மண்டாய் தகனச்சாலைக்குப் போனாள். வெள்ளிதோறும் அவள் படத்துக்குப் பாலகிருஷ்ணன்தான் பொட்டு வைக்கிறார்.

இன்று எள்ளும் தண்ணீரும் இறைத்தால், இத்தனை காலம் கழித்து அவளை விதவையாக்குவது தன் கைதான். இறைக்காமலும் இருக்க முடியவில்லை. கொஞ்ச நாளாகக் கனவில் ஒருவர் வருகிறார். முகம் தெரிவதில்லை. சீருடை நனைந்திருக்கிறது, உதடு மட்டும் வெடித்துக் கிடக்கிறது. எதுவும் கேட்பதில்லை.

கல்லில் தமிழிலும் எழுதியிருந்தது. அவர் படிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால், அம்மா அன்று நின்ற அதே தூரத்தில், யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சரஸ்வதி அருகில் வந்தாள்.

"அத்தை பேச்சுக்காக மாமாவ எத்தன நாளுங்க தாகத்தோட நிக்க வைப்பீங்க?"

அன்றே சாங்கிக் கடலோரத்தில் திதி கொடுக்க உட்கார்ந்தபோது, ஐயர் இறந்தவர் பெயரைக் கேட்டார். வீரபத்திரன் என்று சொல்ல நெடுநேரம் ஆனது. அலை எள்ளை இழுத்துக்கொண்டு போயிற்று.

கனவு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவின் படத்தின் முன் நின்றார். தொட்டெடுத்த குங்குமம் விரலிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த சரஸ்வதி, ஈரக்கையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வைங்க. அவங்ககிட்ட இன்னும் யாரும் சொல்லலையே."

வைத்தார். அம்மாவின் கண்களை மட்டும் பார்க்கவில்லை.