ஜெயவேலு, ஏறு!

அன்று காலை சேலையூரில், கேம்ப் ரோட்டுப் பிள்ளையார் கோயில் எதிரே இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெரியவர் ஜெயவேலு இருந்தார். அவர் மருமகள் கனகவல்லி இருந்தாள். நாலு வயது முடிந்த பேரன் துரை இருந்தான். பள்ளிக்கூட பஸ்ஸின் டிரைவர் சுவிசேஷமுத்து தன் இருக்கையில் இருந்தார். பஸ் ஆயா கன்னியம்மா படியில் நின்றாள். உள்ளே பிள்ளைகள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், இஸ்திரி வண்டியில் குப்புராஜ். இவ்வளவு பேர்தான். பெரியவரின் மகன் சிட்டிபாபு முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். இதற்குமேல் யாராவது வந்து நானும் பார்த்தேன் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

எண்பத்தெட்டாம் வருஷம், ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த நாள். ஜெயவேலு கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் எட்டு முழ வேட்டியும் கக்கத்தில் குடையுமாக, முதுகு வளையாமல் நின்றிருந்தார். அந்த ரோட்டில் அவர் அதுவரை எந்த வண்டிக்காகவும் காத்து நின்றதில்லை. எதிரே தெரிகிற காலனி முழுக்க ஒரு காலத்தில் அவர் அப்பா நெல் போட்ட பூமி. பஸ் வீட்டு வாசலுக்கே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியும் பார்த்தார். "சந்துக்குள்ள வுட்டா ரிவர்ஸ்லயேதான் வெளிய வரணும் சார்" என்று சுவிசேஷமுத்து பணிவாக மறுத்துவிட்டார். அதனால்தான் இந்த நிற்பு.

துரைக்குத் தலை நிறைய எண்ணெய், முகம் நிறையப் பவுடர், கன்னத்தில் மைப்பொட்டு. சட்டையில் ஊக்கு குத்திய கைக்குட்டை. கழுத்தில் தண்ணீர் பாட்டில், கையில் புது அலுமினியப் பெட்டி. பையனுக்கு அழுகை வரவில்லை. பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை வரும்போல இருந்தது அவன் அம்மாவுக்குத்தான்.

துரை என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். முதல் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம். பெயர் வைத்த அன்று குழந்தையின் காதில் 'ஜெயவேலு, ஜெயவேலு' என்று ஓதினார்கள். அதோடு சரி. பிறகு அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட ஒரு வாய் இல்லை. மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. அப்பா பெயரோடு ஒரு 'டா' சேர்க்க சிட்டிபாபுவுக்கு நாக்கு எழவில்லை. தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிட்டால் பைத்தியம் என்பார்கள் என்று பெரியவரும் விட்டுவிட்டார். குழந்தை துரையாகவே வளர்ந்தது.

கனகவல்லி இதில் மிகவும் கட்டுப்பாடு. குன்றத்தூர் மலைக்குப் போனால், கூட்டமே 'வேல் வேல்' என்று கோஷம் போடும்போது அவள் மட்டும் 'முருகா முருகா' என்பாள். மாமனார் பெயரில் பாதி அதில் இருக்கிறதே. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று ஆபீஸில் இருந்தவர், "பையன் பேர் என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். "குன்றத்தூர் சாமி கையில என்ன சார் இருக்கும்?" என்று இவள் திருப்பிக் கேட்டாள். "வேல்." "ஆங். அதுக்கு முன்னாடி, சண்டையில கெலிச்சா என்ன கிடைக்கும்?" அவர் கொஞ்ச நேரம் யோசித்து 'வெற்றிவேல்' என்று எழுதிவிட்டார். மறுநாள் சிட்டிபாபு அரை நாள் லீவு போட்டுப் போய்ப் பெயரை மாற்றி வந்தான். அன்று ராத்திரி சாப்பிடும்போது அதைக் கேட்ட ஜெயவேலு சிரிக்கவில்லை. "என் மருமக அப்படித்தான்" என்று பெருமையாகச் சொன்னார்.

பஸ் வந்து நின்றது. கன்னியம்மா படியில் ஒரு காலும் கீழே ஒரு காலுமாக நின்று, தொண்டையைத் திறந்தாள்.

"ஜெயவேலு! யாருப்பா ஜெயவேலு?"

நடுரோட்டில், அப்பட்டமாக, தன் பெயர். பெரியவருக்குச் சுருக்கென்றது. ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தான். இன்னா விஷயம்?"

கன்னியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எல்கேஜியா பெர்சு? யூனிபாரம் எங்க?"

பஸ்ஸுக்குள் பெரிய பிள்ளைகள் சிரித்தார்கள். சுவிசேஷமுத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கைத் தேய்த்தார். பெரியவர் விஷயம் புரிந்து, பேரனை முன்னால் தள்ளினார். "இவன்தான்."

"வா கண்ணு ஜெயவேலு, ஏறு."

துரை அசையவில்லை. "அது தாத்தா பேரு" என்றான்.

"உன் பேருந்தான்டா அது."

"எம் பேரு துரை." பிறகு தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, முதல் நாள் முழுக்க அம்மா தனக்குச் சொல்லிவைத்ததை அப்படியே அவருக்குத் திருப்பிச் சொன்னான். "தாத்தா, உன்னத்தான் கூப்புடுறாங்க. அழாம போய்ட்டு வா. சாயங்காலம் நான் இங்கயே வந்து நிப்பேன்."

கனகவல்லி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கவா அழுகையை அடக்கவா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஆயா, நீங்க துரைன்னே கூப்புடுங்களேன்" என்றாள்.

கன்னியம்மா கீழே இறங்கி வந்தாள். இப்போது குரலில் கேலி இல்லை.

"இந்த பஸ்ல ஏற்கெனவே ரெண்டு துரை கீறாங்கம்மா. அத்த வுடு. சாயங்காலம் பெல் அடிச்சா, கேட்டாண்ட டீச்சர் ஸ்கூல் பேர சொல்லித்தான் கூப்புடுவாங்க. பதில் சொல்ற புள்ளதான் பஸ்ஸுக்கு வரும். போன வருசம் ஒண்ணு, வூட்ல அம்மு அம்முன்னே வளத்துட்டாங்க. ஸ்கூல் பேரு அதுக்குத் தெர்ல. கூப்ட கூப்ட கம்முனு ஒக்காந்துகினு இருந்துது. பஸ்ஸு பூட்ச்சு. கொயந்த கூட்டத்தோட கூட்டமா கேட்ட தாண்டி நடந்து பூட்ச்சு. தேடிக் கண்டுபுடிக்கறதுக்குள்ள பேஜாராய்ட்ச்சு."

பள்ளிக்கூடம் இருந்தது தாம்பரத்தில். சாயங்கால நேரத்துத் தாம்பரத்தைப் பெரியவர் அறியாதவரா? ஜிஎஸ்டி ரோட்டு லாரிகள், ஸ்டேஷனிலிருந்து வழிகிற கூட்டம், அதற்குள் பெட்டியும் பாட்டிலுமாக இந்தப் பொடியன். டீச்சர் 'ஜெயவேலு, ஜெயவேலு' என்று கத்துவார். இவனை வளர்த்த வளர்ப்புக்கு, தாத்தாவை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மரியாதையாக உட்கார்ந்திருப்பான்.

பெயர் அவனுக்குள் இறங்கியாக வேண்டும். இந்த நிமிஷமே, இந்தப் படியிலேயே.

ஜெயவேலு தொண்டையைச் செருமினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயரைத் தானே கூப்பிட்டார். "டேய் ஜெயவேலு! ஏறுடா!"

துரை விழுந்து விழுந்து சிரித்தான். "ஐ, தாத்தா அவரையே டா போட்டுக்கறாரு!" பஸ்ஸும் சேர்ந்து சிரித்தது.

பெரியவருக்குக் காது சிவந்தது. ஆனாலும் விடவில்லை. பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதோ பார், நானும் ஏறுறேன்" என்று படியில் ஒரு காலை வைத்தார். துரை சமர்த்தாக ஒதுங்கி வழி விட்டான். "ஏறு தாத்தா. உள்ள எடம் கீது."

பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. "சார், பின்னாடி திட்றான் சார்" என்றார் சுவிசேஷமுத்து.

கன்னியம்மா கனகவல்லியிடம் திரும்பினாள். "ஏம்மா, நீ கூப்புடு. பெத்தவ சொன்னாத்தான் அதுக்கு ஏறும்."

கனகவல்லிக்கு முகம் வெளுத்தது. கல்யாணமாகிப் படப்பையிலிருந்து புறப்பட்ட அன்று அவள் அப்பா கேசவன் சொன்ன ஒரே புத்தி, அந்த வீட்டுப் பெரியவர் பெயரைக் காப்பாற்று என்பதுதான். அவர் எதை நினைத்துச் சொன்னாரோ, இவள் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக அந்தப் பெயரை நாக்கில் படவிடாமல் காப்பாற்றி வந்தாள். இப்போது அதை ரோட்டில், மாமனாரின் எதிரிலேயே கூவச் சொல்கிறார்கள்.

அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றிருந்தார்.

"கூப்புடும்மா."

"மாமா..."

"நான்தானே சொல்றேன்? அது புள்ள பேரு. நல்லா சத்தமா கூப்புடு."

அந்த நேரம் பார்த்து விமானப்படை கேம்ப்பிலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தலைக்குமேல் இரைந்துகொண்டு போனது. அதற்கும் மேலாகக் கேட்கவேண்டும் என்று கனகவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஜெயவேலு! ஏறு!"

விமானம் போய்விட்டது. குரல் மட்டும் ரோட்டில் நின்றது.

துரையின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்தான். தாத்தாவைப் பார்த்தான். தாத்தா கோபித்துக்கொள்ளவில்லை. அம்மா நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. அவன் மெதுவாக கன்னியம்மாவிடம் சொன்னான்: "எங்கம்மா தாத்தா பேர சொல்லவே மாட்டாங்க."

"அப்டியா கண்ணு. அப்ப இது யார் பேரு?"

பையன் யோசித்தான். பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அப்ப எம் பேருதான்" என்றான். தாத்தாவின் காலைத் தாண்டி, ஒவ்வொரு படியாகக் கையூன்றி ஏறி உள்ளே போனான். ஜன்னலில் மைப்பொட்டு தெரிந்தது. பக்கத்தில் இருந்த பையனிடம் என்னவோ சொன்னான். பஸ் நகர்ந்தது. கடைசிவரை அவன் இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கனகவல்லி ரோட்டோரத்திலேயே மாமனார் காலைத் தொடக் குனிந்தாள். அவர் தடுத்துவிட்டார். எந்தத் தப்புக்காக இந்தக் கும்பிடு? நடந்து வரும்போது அவர் மனசில் அதுதான் ஓடியது. போன நாலு வருஷத்தில் இவள் ஒரே ஒரு தடவை, கோபத்திலோ மறதியிலோ அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால்கூட, இன்று பிள்ளை நம்பியிருக்க மாட்டான். அது தாத்தாதான் என்று சாதித்திருப்பான். இவள் காத்த மரியாதைதான் இன்று பேரனுக்குத் துணையாக ஏறிப் போயிருக்கிறது. இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று தெரியாமல், "வெயில் ஏறுது, குடைக்குள்ள வாம்மா" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் அவர் முன்கூட்டியே போய் நின்றார். பஸ் வந்ததும் கன்னியம்மா, "ஜெயவேலு வூடு!" என்றாள். "எஸ் மிஸ்!" என்று உள்ளேயிருந்து ஒரு கத்தல். ஒரு பக்கம் தூக்கிய சட்டையும் ஒரு காலில் மட்டும் ஷூவுமாகப் பையன் இறங்கினான். இன்னொரு ஷூவைக் கன்னியம்மா கொடுத்தாள். பெரியவர் தோட்டத்து வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டுவந்திருந்தார். அதை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். அவர் அப்படிக் கொடுத்து சேலையூரில் யாரும் பார்த்ததில்லை.

"நல்லாயிருக்கணும்மா நீ."

"இன்னா பெர்சு, உன் பேர இட்டுகினு போய்ட்டேன்னு கோவமா இருப்பன்னு பாத்தேன்."

"பத்திரமா திருப்பிக் கொண்டாந்துட்டியே" என்றார் அவர்.

வீட்டுக்குப் போனதும் மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே வூட்லயும் அப்படியே கூப்புடு. புள்ள மறந்துடப் போறான்." கனகவல்லிக்குப் பழகச் சில நாள் பிடித்தது. அவருக்கும்தான். "ஜெயவேலு, சாப்புட வா" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தால் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டு, பேப்பரைச் சரிசெய்வதுபோல மறுபடி உட்காருவார். அவர் அம்மா பொன்னியம்மாள் போனபிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் சோற்றுக்குக் கூப்பிட்டதில்லை.

குப்புராஜைப் பற்றியும் சொல்லவேண்டும். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அன்று அவன் நின்றது ரோட்டுக்கு அந்தப் பக்கம். பஸ் ஜன்னல்கள் வழியாகப் படியில் கால் வைத்த பெரியவரின் தலை மட்டும் தெரிந்தது, பொடியன் தெரியவில்லை. 'ஜெயவேலு, ஏறு' என்று மருமகள் கத்தியது கேட்டது. பஸ் போனதும் இவர்கள் குடைக்குள் சேர்ந்து நடந்து போனதை, கரி விசிறிக்கொண்டிருந்தவன் பார்க்கவில்லை. இஸ்திரித் துணியோடு சேதியும் வீடு வீடாகப் போனது. போகப் போக 'ஏறு' என்பது 'ஏறுடா' ஆனது. பள்ளிக்கூட பஸ், முதியோர் இல்லத்து வேன் ஆனது. அந்த வாரக் கடைசியில் சேதி, குப்புராஜ் கண்ணால் பார்த்ததாக, படப்பை மார்க்கெட்டில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கேசவன் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உள்ள வாங்க சம்பந்தி, இன்னா அங்கயே நின்னுட்டீங்க?"

"எந்த முகத்த வெச்சிக்கினு வருவேன்? நான் வளத்த வளப்பு இப்படி ஆயிடுச்சே. பொண்ண கூட்டினு போயிடறேன், மன்னிச்சிடுங்க."

ஜெயவேலு அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். அதற்குள் சமையலறையிலிருந்து கனகவல்லியின் குரல். "ஜெயவேலு! எத்தன வாட்டிதான் கூப்புடறது? கால கழுவினு வா!"

கேசவன் காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். கொல்லைப்பக்கமிருந்து சேற்றுக் காலோடு பையன் ஓடிவந்து, "தோ வர்றேம்மா!" என்று அவர் எதிரிலேயே உள்ளே பாய்ந்தான்.

கேசவன் பேரன் போன திசையைப் பார்த்தார். பிறகு ஜெயவேலுவைப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றார் ஜெயவேலு. "உங்க பொண்ணு அந்தப் பேர காப்பாத்தினா. உங்க வூட்டுக்கு நானே வந்து இத சொல்லியிருக்கணும். நீங்க முந்திக்கிட்டீங்க." அன்று காலை நடந்ததை ஆதியிலிருந்து சொன்னார். தன்னைத் தானே டா போட்டுக்கொண்டதையும் மறைக்கவில்லை. கேசவன் சிரிக்கத் தொடங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ அந்த குப்புராஜு சொன்னது?"

குப்புராஜ் சொன்னது தவறு. கனகவல்லி மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மகனைக் கூப்பிட்டாள். கூப்பிடச் சொன்னவர் மாமனார். பஸ்ஸில் ஏறிப் போனவன் பேரன்.