பத்தாவது கோடிட்ட இடம்

தையற்காரியின் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய் நாலு வருஷம் ஆகிறது. மனு போட்டால் பதில் வராமல் இல்லை. வரும், ஆங்கிலத்தில் வரும். தையற்காரியும் அவள் அண்ணியும் அந்தக் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்ததுதான் மிச்சம். படித்துச் சொன்னவர்களில் பாதிப் பேர் கடிதத்தை விட்டுவிட்டுத் தங்கள் அனுமானத்தைப் படித்தார்கள். கடைசியில் அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இனி எவன் கால்லயும் விழ வேணாம். நாமளே படிப்போம்" என்றாள்.

அப்படித்தான் நூலகத்து மாடியில் நடக்கும் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தார்கள். நடத்தியவள் ஒரு வக்கீல், இவர்களைவிட வயதில் சின்னவள். ஆப்பிள், ஆரஞ்சு என்று ஆரம்பிக்காமல் நேரே மனித உரிமைப் பிரகடனத்தை எடுத்து முன்னால் வைத்தாள். ஒன்பதாம் பிரிவில் 'ஆர்பிட்ரரி அரெஸ்ட்' வந்தது, தான்தோன்றித்தனமாக ஆளைப் பிடித்துப் போவது. அண்ணி அதைத் தான் வேலை பார்க்கும் பேக்கரியில் ரொட்டி அடுக்கிக்கொண்டே மனப்பாடம் செய்தாள். பன்னிரண்டாம் பிரிவில் 'பிரைவசி' வந்தது. ஒருவருடைய வீட்டில், கடிதத்தில், சொந்த விஷயத்தில் அடுத்தவர் மூக்கை நுழைக்கக் கூடாது என்று வக்கீலம்மா விளக்கிய விளக்கம் இருக்கிறதே, கேட்டவர்களுக்கு உடனே போய் வீட்டுக் கதவைச் சாத்த வேண்டும்போல் இருந்தது.

அந்தப் பேச்சில்தான் தையற்காரி ஏமாந்தாள். பிறகொரு வாரம் 'டியூரஸ்' வந்தது. மிரட்டி வாங்கிய வார்த்தை சம்மதம் ஆகாது என்று வக்கீலம்மா சொன்னதும் இவள் அந்த வார்த்தையை நோட்டில் இரண்டு தரம் எழுதிக்கொண்டாள். நாலு வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறதாமே! வகுப்பு முடிந்து அண்ணி முன்னால் இறங்கியதும், வக்கீலம்மாவிடம் போய், ஒரு விஷயம் சொல்லணும் என்று தயங்கி நின்றாள்.

"வீட்டுப்பாடமா எழுதித் தாங்கக்கா. என்னைத் தவிர யாரும் படிக்க மாட்டாங்க" என்று வக்கீலம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

எழுதிக் கொடுத்தாள். அண்ணன் தச்சுப் பட்டறையில் ஒளிந்திருந்தது, வீட்டுக்குள் மூன்று பேர் வந்தது, இவள் விரலைத் தையல் இயந்திரத்து ஊசிக்கடியில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றியது, இவள் இடத்தைச் சொன்னது, எல்லாம். அண்ணிக்கு இதில் எதுவும் தெரியாது. தைக்கும்போது ஊசி ஏறிவிட்டது என்றுதான் அன்று அவளிடம் சொன்னாள். அண்ணிதான் விரலுக்குக் கட்டுப் போட்டு, பத்து நாள் ஒரு பாத்திரம் கழுவ விடாமல் பார்த்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரிதான் காட்டிக்கொடுத்தவள் என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து அவள் முகத்தில் விழிப்பதில்லை. அவள் இல்லை என்று சொல்லத் தையற்காரிக்கு ஒரு நாளும் வாய் வரவில்லை.

இந்தச் சனிக்கிழமை வக்கீலம்மா எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். கோடிட்ட இடங்களை நிரப்புக, மொத்தம் பத்து. முதல் வரியைப் படித்ததுமே தையற்காரி அண்ணியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு பெண், ஒரு தையல் இயந்திரம், மூன்று ஆண்கள். இவள் தப்பும் தவறுமாக எழுதியதை நல்ல ஆங்கிலமாக்கி, நடுநடுவே கோடு போட்டு, இருபது பேருக்கு விநியோகம்.

எழுந்து போய் வக்கீலம்மாவின் மேசையருகே குனிந்தாள். "நீங்க மட்டும்தான் படிப்பீங்கன்னு சொன்னீங்களே மேடம்?"

"உங்க பேரை எங்கயும் போடலயேக்கா! அவ்வளவு நல்லா எழுதியிருந்தீங்க. எல்லாருக்கும் உபயோகப்படட்டுமேன்னுதான்..." நல்லது செய்துவிட்ட பூரிப்பு அவள் முகத்தில் வழிந்தது. பாவி, பேரை எடுத்தாள், விரலை எடுத்தாளா? பன்னிரண்டாம் பிரிவை அப்படி உருகி உருகிச் சொன்ன வாய் இதுதானே. தையற்காரிக்கு அவளை அந்த இடத்திலேயே நாலு அறை விட வேண்டும்போல் வந்தது.

திரும்பி வந்தபோது அண்ணி ஐந்தாவது வரியில் இருந்தாள். விரல் வைத்து, உதட்டை அசைத்து, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, தலை வலிக்குது, போலாம் வாங்க."

"இருடி, முடிச்சிட்டுப் போலாம். இன்னைக்கு எல்லாம் தெரிஞ்ச வார்த்தையாவே வருது" என்றாள் அண்ணி பெருமையாக.

ஏழாவது வரியில் பென்சில் நின்றது. அதில்தான் ஊசி இருந்தது. அடுத்த வரியில் தச்சுப் பட்டறை. அண்ணி தலையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் திருப்பி, மேசைமேல் இருந்த தையற்காரியின் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். நகம் நடுவில் பிளந்திருந்தது. தையற்காரி கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"எதிர்வீட்டுக்காரி புருஷன் செத்தப்பகூட நான் போகலடி" என்றாள் அண்ணி மெதுவாக.

"அண்ணி, பயத்துல..."

"பயந்தது தப்பில்ல. என் விரலை வச்சிருந்தா நானும் சொல்லியிருப்பேன். ஆனா நாலு வருஷம் என் பக்கத்துலயே படுத்துக்கிட்டு என்கிட்ட சொல்லாம, இவகிட்ட சொல்லியிருக்க."

அண்ணி எட்டையும் ஒன்பதையும் நிரப்பினாள். பத்தாவதில், அந்தப் பெண் இடத்தைச் சொன்னது எப்படி என்று எழுத வேண்டும். தாளின் அடியில் இருந்த பெட்டியில் இரண்டே வார்த்தைகள் மிச்சமிருந்தன. ஒன்று டியூரஸ். மற்றது கன்சென்ட், மனமார்ந்த சம்மதம்.

அண்ணி தாளை இவள் பக்கம் தள்ளினாள். "இதை நீயே எழுது. நான் எதிர்வீடு வரைக்கும் போகணும்."

எப்போதும் கடைசிப் படியில் நின்று இவளுக்காகக் காத்திருக்கிற அண்ணி, இன்று நிற்காமல் இறங்கிப் போய்விட்டாள்.